பண்டிகைக் கழிவும் பரிசுப் பொதியும்

தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் கமக்காரர் இல்லங்களில் பொருள்கள் மிகுதியாகப் புழங்கும் நாள்களாகும். வாழையும் கரும்பும் தோரணமும் வாசலுக்கு வருகின்றன. பலகாரமும் பரிசும் உறவினர் வீடுகளுக்குச் செல்கின்றன. மறுநாள் இவற்றின் மிச்சம் யாவும் ஒரே குவியலாக வேலியோரத்திற் சேர்கின்றது. அக்குவியலில் ஒரு பகுதி நிலத்துக்கு உணவாகும்; மற்றொரு பகுதி நிலத்துக்கும் கால்நடைக்கும் கேடாகும்.

கேடு விளைப்பவை

பொலித்தீன் பை, பளபளப்பான பரிசுத்தாள், பிளாத்திக்கு நாடா, ஒட்டுநாடா என்பன மண்ணில் உக்குவதில்லை. காற்றில் அள்ளுண்டு வாய்க்காலையும் மதகையும் அடைக்கின்றன. வயலிற் புதைந்தால் உழுகருவியிற் சுற்றிக்கொள்கின்றன. பாத்தியிற் புதைந்தால் நீர் கீழிறங்குவதையும் வேர் பரவுவதையும் தடுக்கின்றன. மழைநீர் தேங்கிய பையிலும் கிண்ணத்திலும் தெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு பெருகுகின்றது.

பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கல். அன்று மாலையிட்டு வணங்கப்படும் பசுவே, சோறும் பழத்தோலும் ஒட்டிய பையை உணவென்று விழுங்குகின்றது. பை அதன் இரைப்பையிற் செரியாது தங்கிவிடும். நாளடைவில் அசைபோடுதல் குறையும், வயிறு உப்பும், பாலும் குறையும். காரணம் தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகின்றது. ஆதலால், உணவு மிச்சத்தைப் பையோடு எறியலாகாது. மிஞ்சிய பொங்கலை மாட்டுக்கு அளவுக்கு மிஞ்சி ஊட்டுவதும் தீது. சமைத்த சோறு இரைப்பையில் விரைவாகப் புளித்து நோயுண்டாக்கும்.

இவற்றை எரிப்பது பரிகாரமன்று. அப்புகை நஞ்சாகும். பிளாத்திக்கு அடங்கிய குப்பையை வெளியில் எரிப்பதும், விழா அலங்காரத்துக்குப் பொலித்தீனைப் பயன்படுத்துவதும் 2017 செப்டம்பர் மாதத்தில் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவில் குப்பை மேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுதோறும் பிரிக்கப்படாது வெளியேறும் கழிவு இறுதியில் எங்கோ ஓரிடத்தில் மலையாகிறது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

கூட்டெரு ஆக்கும் முறை

வாழையிலை, வாழைத்தண்டு, மாவிலை, பூமாலை, குருத்தோலைத் தோரணம், கரும்புச் சக்கை, காய்கறித் தோல் யாவும் நல்ல கூட்டெருவாகும்.

1. கரும்புச் சக்கையையும் வாழைத்தண்டையும் விரல் நீளத்துக்கு வெட்டுக. வெட்டாத சக்கை மெதுவாகவே உக்கும்.

2. தை மாதத்தில் நிலம் ஈரமாக இருக்குமாதலால் மேட்டிடத்தில், நிழலிற் குவியலாக அமைக்க. சித்திரையில் வெயில் கடுமையாதலால் குழியில் இடுவது ஈரத்தைக் காக்கும்.

3. காய்ந்த பொருளையும் பச்சைப் பொருளையும் அடுக்கடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கின்மேலும் சாணிக் கரைசல் தெளிக்க. குவியல் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 3 அடி இருப்பின் உள்ளே சூடு பிடிக்கும்.

4. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், நீர் ஒழுகலாகாது. இரு வாரங்களுக்கு ஒரு முறை புரட்டிவிடுக. ஏறத்தாழ மூன்று மாதத்திற் கருநிறமான, மண்மணமுள்ள எரு கிடைக்கும்.

இறைச்சி, எண்ணெய்ப் பலகாரம், நோயுற்ற கத்தரி, தக்காளிச் செடிகள் என்பவற்றை இதிற் சேர்க்கலாகாது. பொங்கலடுப்பின் சாம்பலிற் பொட்டாசியமும் சுண்ணாம்பும் உண்டு. அதனைச் சாணத்தோடு கலந்தால் நைதரசன் அமோனியா வாயுவாக வெளியேறி வீணாகும். எனவே சாம்பலை மழை படாது தனியே சேமித்து, பாத்தியில் மெல்லியதாகத் தூவுக.

பரிசைப் பொதிதல்

பொதியும் தாள் ஒரு நாளுக்கே உதவுகின்றது, பிரித்தவுடன் குப்பையாகின்றது. பொதியே பயனுள்ள பொருளாக அமையின் கழிவு இல்லை. பனங்கட்டியைக் குட்டானில் இடும் வழக்கம் வடபகுதியார் நன்கறிந்ததே. பலகாரத்தை மூடியுள்ள ஓலைப்பெட்டியிலும், காய்கறியையும் அரிசியையும் கடகத்திலும் உமலிலும் வைத்துக் கொடுக்கலாம். பெட்டி திரும்பி வரும்போது மற்றொரு பண்டம் அதில் வரும். இப்பெட்டிகளை வாங்குவதால் ஓலை இழைப்போர் குடும்பங்களுக்கும் வருவாய் கிடைக்கின்றது.

புடைவைத் துண்டும் ஏற்றது. பழைய சேலையிற் கிழியாத பகுதியைச் சதுரமாக வெட்டி ஓரம் தைக்க. மூலைக்கு மூலை உள்ள நீளம் பொருளின் நீளத்தைப் போல் மூன்று மடங்கு இருத்தல் வேண்டும். பொருளை நடுவில் வைத்து எதிரெதிர் மூலைகளை முடிந்தால் ஒட்டுநாடா வேண்டியதில்லை. கைவிசேடத்துக்கு வெற்றிலையே போதும். கடித உறையை நாடவேண்டியதில்லை.

தாள்தான் தேவையெனின், அதனைக் கையிற் கசக்கிப் பார்க்க. கசங்கியபடியே இருப்பின் பெரும்பாலும் வெறுந்தாள். விரிந்து பழைய நிலைக்கு வருமாயின் அதிற் பிளாத்திக்குப் படலம் உண்டு. வெறுந்தாளை ஒட்டுநாடா நீக்கிக் கிழித்துக் கூட்டெருவிற் சேர்க்கலாம். மற்றையதை மடித்து மீண்டும் பயன்படுத்துவதே நன்று.

தைப்பொங்கலன்று குவித்த எரு, சித்திரையில் மரக்கறிப் பாத்திக்கு ஆயத்தமாகும். விழாவின் மிச்சம் அடுத்த பயிரின் முதலாக அமைவது கமக்காரர் கையிலேயே உள்ளது.