சாரல் ஊரில் அடுப்பு மாட்டும்போது

ஆனி, ஆடி சாரலுக்குக் குற்றாலம் வருகிறவர்களும், கார்த்திகை, மார்கழியில் தென்காசி வழியாகச் சபரிமலை போகிற சாமிமார்களும் வேனிலேயே சிலிண்டரையும் அடுப்பையும் ஏற்றி வந்துவிடுகிறார்கள். வீட்டில் எப்போதாவது மாற்றுகிற இணைப்பை இங்கே வேளைக்கொரு தடவை கழற்றி மாட்டுகிறார்கள். வம்பு அங்கேதான்.

முதலில் சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறம் பாருங்கள். ‘பி-27’ என்றிருந்தால் 2027 ஜூனுக்குள் அதை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஏ, பி, சி, டி நான்கும் ஆண்டின் நான்கு காலாண்டுகள். தேதி கடந்ததை வாங்காதீர்கள்.

சிலிண்டரைத் தரையில் நிமிர்த்தி வையுங்கள். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கட்டும். டியூப் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபாக, ஒன்றரை மீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் கடைசிவரை ஏற்றுங்கள். இறுக்கமாக இருக்கிறதென்று முனையைத் தீயில் காட்டி இளக்குவது டியூபுக்கே உலை.

அடுப்புக் குமிழ்கள், ரெகுலேட்டர் இரண்டும் மூடியிருக்கட்டும். பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ எரியக் கூடாது. மூடியைக் கழற்றி, வால்வுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள்: ரப்பர் வாஷர் தட்டுப்பட வேண்டும். இல்லையென்றால் மாட்டாதீர்கள். ரெகுலேட்டரின் கறுப்பு வளையத்தை மேலே தூக்கிப் பிடித்து, வால்வின் மேல் லேசாகத் திருகி அழுத்தி, வளையத்தை விடுங்கள். ‘டக்’கென்று உட்கார்ந்தால் சரி.

இனி ரெகுலேட்டரை மட்டும் திறந்து, சோப்பு நுரையை வால்வைச் சுற்றியும் டியூபின் இரு முனைகளிலும் தடவுங்கள். நுரை குமிழியிட்டுப் பெருகினால் கசிகிறது. தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கிற தைரியசாலிகள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தைரியம் வேண்டாம்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். சாரல் குளிருக்குச் சன்னலையெல்லாம் அடைத்த விடுதி அறையில் இதனால்தான் ஆபத்து அதிகம். வெட்டவெளியிலோ காற்று தீயை அணைத்துவிடும், வாயு வந்துகொண்டே இருக்கும். அடுப்பைச் சுற்றித் தகரத் தடுப்பு வையுங்கள், ஆள் நகராதிருங்கள். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்து, மின்சார சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வாருங்கள்.

ரயிலில் சிலிண்டர் கொண்டுவரவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் அப்படி வந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள்.

கசிவுக்கு அழைக்க வேண்டிய எண் 1906. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.