தோசைக்கு ஆகாதது சாம்பாருக்கு ஆகும்

கல்லிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுவென்று இருந்த தோசை, வீட்டில் பார்சலைப் பிரித்தால் ஈரத்துணியாய்த் தொங்குகிறது. மாஸ்டரைத் திட்டிப் பயனில்லை. சூடு ஆறும்வரை தோசையிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும். டப்பாவை இறுக மூடிவிட்டால் அந்த ஆவி மூடியின் அடியில் நீர்த்துளியாகத் திரண்டு தோசையின் மேலேயே சொட்டும். ஆக, தோசைக்கு வேண்டியது ஆவி போக வழிவிடும் உறை. சாம்பாருக்கோ சொட்டுக்கூட வெளியேறக் கூடாது.

தோசைக்கு வாழை இலையை மிஞ்ச எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. தணலில் லேசாக வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. எண்ணெயை உறிஞ்சாது, மடிப்பின் இடுக்குகள் வழியே ஆவியும் போய்விடும். வெளியே சுற்றும் செய்தித்தாள்தான் வம்பு. அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து உணவில் இறங்கும். உணவைச் செய்தித்தாளில் மடிக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன.

சாம்பாரை முன்பு பாலித்தீன் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டார்கள். மெல்லிய பாலித்தீன் சுமார் 110 டிகிரியில் உருகும். இளகுவது அதற்கும் முன்பே. கொதிக்கும் சாம்பாருக்கு இது மிக நெருக்கமான கணக்கு. டப்பா என்றால் கவிழ்த்து அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன். 160 டிகிரி அளவில்தான் உருகும். பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் 1ஆம் எண் டப்பா, அதாவது பெட், 70, 80 டிகிரியிலேயே கோணிக்கொள்ளும். சாலட்டுக்குச் சரி, ரசத்துக்கு ஆகாது.

அலுமினியம் ஃபாயில் சூட்டுக்கு அசையாது, புளிப்புக்கு அசையும். புளியோதரையை அதில் வெகுநேரம் வைத்தால் அமிலம் உலோகத்தை அரிக்கும். பிரியாணிக்கு அந்தக் கவலை குறைவு.

காகிதக் கோப்பை வெறும் காகிதம் அல்ல. ஒழுகாமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உண்டு. அதனால்தான் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அமலான பிளாஸ்டிக் தடைப் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது. சோள மாவுச்சத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. பெயருக்குப் பசுமைதான், ஆனால் 60 டிகிரியிலேயே தளர்ந்துவிடும், வீட்டு எருக்குழியில் எளிதில் மட்கவும் மட்காது. கரும்புச் சக்கைத் தட்டு சூடு தாங்கும். இட்லி, பொங்கலுக்கு நல்லது. பூச்சு இல்லையென்றால் குழம்பு ஊற ஊற அடி நெகிழ்ந்துவிடும்.

எங்கள் தெருக்கடையில் சிலர் எவர்சில்வர் தூக்கோடு வருகிறார்கள். அவர்களுக்குச் சாம்பார் ஒரு கரண்டி கூடுதலாகவே விழுகிறது.