அடுப்பில் போடாதீர்கள், சாலையில் போடலாம்!

எங்கள் கம்பம் பக்கத்தில் இன்னமும் பல வீடுகளின் கொல்லையில் வெந்நீர் அடுப்பு உண்டு. தென்னை மட்டையும் பாளையும் காசில்லாமல் கிடைக்கும்போது காஸை எதற்குச் செலவழிப்பது? நியாயந்தான். ஆனால் மட்டை ஈரமாக இருந்தால், தீப்பிடிக்க ஒரு பால் கவரைச் சொருகிவிடுகிறோமே, அதுதான் வினை.

"ஏத்தா, ஒரு கவரைப் போட்டாத்தானே டக்குனு பிடிக்குது!" என்பார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. பிடிக்கிறது வாஸ்தவம். அந்தப் புகையைக் குடிப்பது யார்? குளிக்க வெந்நீருக்காகப் பக்கத்திலேயே நிற்கிற குழந்தை. பிளாஸ்டிக் புகை கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்தும். ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். அதோடு ரெக்ஸின் துண்டோ, பி.வி.சி. குழாய்த் துண்டோ சேர்ந்து எரிந்தால் டயாக்ஸின் என்ற கொடிய நச்சும் உண்டாகிறது. சாம்பலிலும் அது தங்கும். அந்தச் சாம்பலை எடுத்துப் பாத்திரம் விளக்குகிறவர்களும் இருக்கிறார்கள்!

சரி, கவரை என்னதான் செய்வது? எங்கள் மதுரைச் சீமையிலேயே இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நம் பாட்டிமார் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, பானை மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்வார்களே, ஞாபகமிருக்கிறதா? வெறும் காகிதம் கிழியும். வெறும் வெந்தய விழுது உதிரும். இரண்டும் சேர்ந்தால் அரிசி கொட்டிவைக்கும் கூடை! இப்படி இரண்டு பொருளைச் சேர்த்து, இரண்டையும்விட உறுதியான மூன்றாவதை உண்டாக்குவதைத்தான் கலப்புப் பொருள் என்கிறார்கள்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் இதையே கல்லையும் பிளாஸ்டிக்கையும் வைத்துச் செய்தார். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுப் பார்த்தார்கள். 2006-ல் காப்புரிமை கிடைத்தது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது.

செய்முறை நம் சமையல் மாதிரிதான். ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன் மேல் தூவிக் கிளறினால், ஒரு நிமிஷத்துக்குள் உருகி, சீரக மிட்டாயில் சீனி பூசினாற்போல் ஒவ்வொரு கல்லிலும் ஒட்டிக்கொள்கிறது. பிறகு தாரைச் சேர்க்கிறார்கள். சாதாரண ரோடு மழையில் குழி விழுவது ஏன்? கல்லுக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் நுழைந்து பிரித்துவிடுவதால். பிளாஸ்டிக் பூச்சு அந்த வழியை அடைக்கிறது.

3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் ரோடு போட 10 டன் தார் வேண்டுமென்றால், இந்த முறையில் 9 டன் தாரும் 1 டன் பிளாஸ்டிக்கும் போதும். ஒரு டன் என்றால் லட்சக்கணக்கான கவர்கள்!

கிரானைட், பீங்கான் தொழிற்சாலைகளின் கழிவையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதோடு பிளாஸ்டிக்கைச் சேர்த்து நடைபாதைக்கும் சுவருக்கும் ஆகிற கல் செய்தார். பெயர் 'பிளாஸ்டோன்'. ஒரு கல்லுக்குச் சுமார் 300 கேரி பேக்கும் 6 தண்ணீர் பாட்டிலும் போகின்றன.

"அப்ப நாமளே வீட்ல உருக்கிப் பாப்போமா?" என்று கிளம்பிவிடாதீர்கள்! பால் காய்வது வேறு, தீய்ந்துபோவது வேறு. அளந்த சூட்டில் உருக்குவது அவர்கள் வேலை. பி.வி.சி.யை அவர்களே சேர்ப்பதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ரோடு தேயும்போது பிளாஸ்டிக் துகள் மண்ணில் கலக்குமா என்று இப்போது ஆராய்கிறார்கள். ஆகவே ரோடு இருக்கிறதென்று கவரை வாங்கிக் குவிக்கலாம் என்றாகாது. கடைக்குத் துணிப்பையோ ஒயர் கூடையோ கொண்டுபோவதுதான் முதல் வேலை என்பது என் கட்சி.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரி பேக்கைத் தடை செய்தபோதும் பால், தயிர், எண்ணெய்க் கவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அவை வந்துகொண்டுதான் இருக்கின்றன. அங்கேதான் நம் கை வேண்டும். சாம்பாரும் சோறும் ஒட்டிய ஈரக் கவரை நறுக்கும் இயந்திரத்தில் போட முடியாது. குப்பைமேட்டில் பொறுக்கிக் கழுவுவதோ பெரும்பாடு. நம் அடுக்களையில் அரை நிமிஷ வேலை.

பால் கவரின் மூலையை முழுசாக வெட்டி எறியாமல், துணுக்கு கவரிலேயே தொங்கும்படி வெட்டுங்கள். அந்தத் துணுக்குதான் சாக்கடைக்கும் மாட்டு வயிற்றுக்கும் போகிறது. கவரை அலசிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுங்கள். கவரைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, ஒரு சாக்கில் சேருங்கள். எண்ணெய்க் கவருக்கு மட்டும் கொஞ்சம் அரப்புத்தூள் வேண்டும். வாழைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் தாருக்குப் போட்ட பாலிதீன் உறையை வரப்பிலேயே கொளுத்தாமல், மண்ணை உதறித் தனிச் சாக்கில் கட்டலாம்.

குமுளியைத் தாண்டினால் கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக வந்து, கழுவிக் காய்ந்த கவரைத்தான் வாங்குகிறார்கள். வீட்டுக்காரர்கள் அதற்கு மாதக் கட்டணமும் கொடுக்கிறார்கள். நம் பக்கத்திலும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பிளாஸ்டிக் சேகரித்துச் சாலைக்குக் கொடுத்ததுண்டு. உங்கள் ஊர்த் தூய்மைக் காவலர் வரும்போது, காய்ந்த கவர்ச் சாக்கைத் தனியாகக் கையில் கொடுங்கள். "இது எங்க போகுதுப்பா, ரோட்டுக்குக் குடுக்கிறாங்களா?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் பஞ்சாயத்து அலுவலகத்தில் விசாரியுங்கள். நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து போய்க் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.