காலையில் குலுங்கும் ஜீப்: முதல் இரண்டு நிமிடங்களைக் கவனியுங்கள்

இரவு முழுவதும் முற்றத்தில் நின்ற வீட்டு ஜீப்பின் திறப்பைக் காலையில் திருப்புகிறீர்கள். இயந்திரம் நெடுநேரம் சுற்றிய பின்னரே பற்றுகிறது. பற்றினாலும் வாகனமே குலுங்குகிறது, பின்னால் புகை கிளம்புகிறது. இரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடுவதால் பலரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

ஆனால் பழைய வாகனத்தைக் கைவிட்டு வேறொன்று வாங்குவது இன்று இலகுவல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. வரியோடு சேர்ந்த விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாதது. வன்னியின் உட்கிராமங்களில் அயலில் ஒருவருக்கு நடுச்சாமத்தில் நெஞ்சுவலி வந்தாலும் அந்த ஒரு ஜீப்தான் புறப்பட வேண்டும். ஆகவே அது காலையில் ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

குளிர்ந்த இயந்திரத்தின் சிக்கல்

பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு இதன் அடிப்படை தெரியும். முதலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் போதிய அளவு ஆவியாகாது, ஆவியாகாதது பற்றாது.

டீசலுக்கும் வெப்பமே வேண்டும். அங்கே தீப்பொறி இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. பஜேரோவின் 4எம்40, பிராடோவின் 1கேஇசட் போன்ற பழைய இயந்திரங்களில் அந்தச் சூட்டுக்கு ஹீற்றர் பிளக் துணை செய்கிறது. திறப்பை ஒரு நிலை திருப்பியதும் டாஷ்போட்டில் எரியும் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணையும் வரை பொறுத்து, பிறகு ஸ்ராட் செய்யுங்கள். சிலருக்கு இதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

புகையின் நிறம்

டீசல் மணத்துடன் வெண்புகை வந்து, குலுக்கம் அடங்கும்போது புகையும் மறைந்தால், ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. முதலில் ஹீற்றர் பிளக்கைப் பாருங்கள். நீலப் புகை என்றால் இயந்திர எண்ணெய் எரிகிறது. காலையில் மட்டும் அது வந்து நின்றால், வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். கரும்புகை என்றால் டீசல் மிகை அல்லது காற்று குறைவு. காற்று பில்ரரில் தொடங்குங்கள்.

இனிப்பு மணத்துடன் வெண்புகை வந்து, றேடியேற்றர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கஸ்கட் பழுதாகியிருக்கலாம். அந்த நிலையில் வாகனத்தை ஓட்டாதீர்கள். சூடான றேடியேற்றர் மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

எதை முதலில் சோதிப்பது?

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். இதற்கு ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும்.

பற்றரி: இரவு ஓய்ந்த பற்றரி காலையில் 12.6 வோல்ற் அளவில் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிச் சக்திதான் மிஞ்சியிருக்கிறது. ஸ்ராட் செய்யும்போது 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் பற்றரி பலவீனமாக இருக்கிறது, அல்லது ஸ்ராட்டர் மோட்டார் மின்னை அதிகமாக இழுக்கிறது. புதிய பற்றரி வாங்குமுன் முனைகளில் படிந்த பூப்பையும், இயந்திரத்துக்குச் செல்லும் ஏர்த் வயரையும் சுத்தம் செய்து பாருங்கள்.

ஹீற்றர் பிளக்: மின் இணைப்பைக் கழற்றி, பிளக்கின் முனைக்கும் இயந்திர உடலுக்கும் இடையே மின்தடையை அளவிடுங்கள். நல்ல பிளக் ஏறத்தாழ ஓர் ஓம் காட்டும். எரிந்துபோனது தொடர்பே காட்டாது. எல்லாம் நன்றாக இருந்தும் மின் வராவிட்டால் ரிலேயைப் பாருங்கள்.

எரிபொருள் பாதை: ஸ்ராட்டர் பலமாகச் சுற்றியும் இயந்திரம் பற்றத் தாமதித்தால், ஒரு நாள் காலை ஸ்ராட் செய்யுமுன் டீசல் பில்ரர் மேலுள்ள கைப்பம்பை இறுகும் வரை அமுக்குங்கள். அன்று உடனே பற்றினால், இரவில் எங்கோ காற்றுப் புகுந்து டீசல் தாங்கிக்குத் திரும்பியிருக்கிறது. வெடித்த குழாய், தளர்ந்த கிளிப், பில்ரர் வளையம் ஆகியவற்றைத் தேடுங்கள். பில்ரரின் அடியில் தேங்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

பெற்றோல் ஜீப்பில் இதற்கு ஒப்பான சோதனை உண்டு. திறப்பை ஸ்ராட் நிலைக்குக் கொண்டுபோகாமல் மூன்று தடவை திறந்து மூடுங்கள், ஒவ்வொரு முறையும் மூன்று வினாடி பொறுங்கள். அதன் பின் இலகுவாகப் பற்றினால் இரவில் எரிபொருள் அழுத்தம் இறங்குகிறது. இல்லையேல் ஸ்பார்க் பிளக், கரி படிந்த துரொட்டில், வெப்பநிலை சென்சர் என்று தேடல் நகரும்.

பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து ஸ்ராட்டரை இயக்க வேண்டாம். ஹீற்றர் பிளக் உள்ள இயந்திரத்துக்கு ஸ்ராட்டிங் ஸ்பிரே அடிக்கவே கூடாது. சூடான பிளக்கில் அது நேரமல்லாத நேரத்தில் வெடித்து பிஸ்டனை உடைக்கக்கூடும்.

கராஜுக்குப் போகும்போது

சூடேறிய இயந்திரம் இந்தக் குறையை மறைத்துவிடும். ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தும்போது மெக்கானிக் காண்பது நல்ல இயந்திரத்தைத்தான். பிறகு ஊகத்தில் இன்ஜெக்ரரும் பம்பும் கழற்றப்படும், செலவு உங்கள் தலையில் விழும். எனவே முதல் நாள் மாலையே வாகனத்தை அங்கே விட்டு, மறுநாள் காலை அவரே முதல் ஸ்ராட்டைச் செய்யும்படி கேளுங்கள். முடியாவிட்டால் அந்த இரண்டு நிமிடங்களைக் கைபேசியில் படம்பிடித்துக் காட்டுங்கள். எத்தனை வினாடி சுற்றியது, புகையின் நிறம், மணம், எப்போது அடங்கியது ஆகிய நான்கையும் எழுதிக் கொடுங்கள். எந்தப் பாகத்தையும் மாற்றுமுன், அது பழுது என்று எந்தச் சோதனை காட்டியது என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபிக்க மாட்டார்.