மலைப்பாதையும் மாற்று எஞ்சினும்

கண்டி நகர் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவை அடையும் பிக்கப் வண்டி 1,868 மீற்றர் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்திலும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு. எஞ்சினும் மூச்சு விடுவதுதானே! மூச்சுக் குறைய வலுவும் குறைகின்றது. அதனாலேயே சிலர் பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, டேர்போ பூட்டிய டீசல் எஞ்சினைப் பொருத்துகின்றனர். வெளியேறும் புகையின் விசையாற் சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே செலுத்துவதே டேர்போ. ஏற்றத்துக்கு அது நன்று.

இறக்கத்தை எண்ணுவோர் சிலரே. பெற்றோல் வண்டியில் மிதியிலிருந்து காலை எடுத்ததும் காற்றுவாயில் அடைபட்டு, எஞ்சினுள் வெற்றிடம் உண்டாகும். அவ்வெற்றிடம் வண்டியின் வேகத்தைத் தணிப்பதோடு, பிரேக் மிதிக்கும் துணைவலு தருகிறது. பழைய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் அவ்வாயிலே இல்லை. ஆகவே வெற்றிடப் பம்பு ஒன்று தனியே வேண்டும். யப்பானிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் அது ஆல்டனேற்றரின் முதுகில் ஒட்டியிருக்கும். ஆல்டனேற்றர் இல்லாமல் எஞ்சினை மட்டும் மலிவாக வாங்கி வந்து பூட்டியவர், கோவாவும் கரட்டும் ஏற்றிக்கொண்டு றம்பொடை வளைவில் இறங்கும்போது பிரேக் மிதி கல்லாய் இறுகியிருக்கக் காண்பார்.