விலகிப் பறக்கச் சொல்லும் விதி. பார்க்கக் கண்ணில்லாத ட்ரோன்

புதுதில்லி: ஆள் ஏறிச் செல்லும் விமானம் எதன் வழியிலும் ட்ரோன் குறுக்கிடக் கூடாது, விலகியே பறக்க வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவிக்கை செய்த ட்ரோன் விதிகள் கூறுகின்றன. விலக வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டும். எந்தக் கண்ணால் என்பதை அவை சொல்லவில்லை.

ட்ரோன் அருகிலேயே பறக்கும் வரை, தரையில் நின்று இயக்குபவரின் கண் போதும். ஆனால், அதே ஆண்டு மணிப்பூரின் விஷ்ணுபூரிலிருந்து லோக்டாக் ஏரியின் காரங் தீவுக்குச் சுமார் 15 கி.மீ. தொலைவைக் கடந்து ட்ரோன் தடுப்பூசி கொண்டு சென்றது. அவ்வளவு தூரத்துக்கு எவர் கண்ணும் எட்டாது.

பெரிய விமானங்களுக்கு வேறு ஏற்பாடு உண்டு. 1996 நவம்பர் 12-இல் ஹரியாணாவின் சர்க்கி தாத்ரி அருகே சவூதி, கஜகஸ்தான் விமானங்கள் வானில் மோதி 349 பேர் மாண்டனர். அதன் பின்னரே மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமாயிற்று. எதிரே வரும் விமானத்திலும் பதில் சமிக்ஞை தரும் கருவி இருந்தால்தான் அது பயன்படும். பாராகிளைடரில் வருபவரிடம் அது இருக்காது. சிறிய ட்ரோனில் ரேடார் பொருத்த எடையும் விலையும் இடிக்கின்றன. எஞ்சுவது கேமராவும், அதன் படத்தை ஆராயும் கணினியும்தான்.

இங்குதான் சிக்கல். படத்தில் நகரும் புள்ளியைக் கண்டுபிடிப்பது கணினிக்கு எளிது. ஆனால், நேராக மோத வரும் விமானம் படத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். கடைசி விநாடிகளில்தான் திடீரென்று பெரிதாகும். நகர்ந்து செல்வது பெரும்பாலும் ஆபத்தில்லாதது!

ஒரு கணக்கு: 200 கி.மீ. வேக ஹெலிகாப்டரும் 50 கி.மீ. வேக ட்ரோனும் எதிரெதிரே வந்தால் 1 கி.மீ. இடைவெளி 14 விநாடிகளில் தீர்ந்துவிடும். 60 பாகை அகலத்தை 2,000 புள்ளிகளாகப் பதியும் கேமராவில், அந்தத் தொலைவில் 2 மீட்டர் அகல உடற்பகுதி நான்கே புள்ளிகள். தில்லி வானில் வட்டமிடும் பருந்தா, ஹெலிகாப்டரா என்பதை அந்த நான்கு புள்ளிகளைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். குளிர்காலப் பனிப்புகையில் அதுவும் கிடைக்காது. கணினியைப் பழக்குவதற்காக அமேசான் நிறுவனம் 2021-இல் சுமார் 4,900 பறப்புப் படத் தொகுப்புகளை வெளியிட்டது. நம் வானத்துக்கு நம் படங்கள் வேண்டும்.

அனுமதியின்றிக் கிளம்பாமை, இருப்பிடம் அறிவிக்கும் கருவி, எல்லை தாண்டாமை ஆகிய பாதுகாப்பு அம்சங்களைப் பின்னர் கட்டாயமாக்க 2021 விதிகள் இடமளித்தன. மூன்றுமே ட்ரோனை அரசு கண்காணிக்க உதவுபவை. ட்ரோன் பிறரைப் பார்க்க உதவுபவை அல்ல. சிவில் ட்ரோன் மசோதாவின் வரைவு 2025 செப்டம்பரில் கருத்துக் கேட்புக்கு வெளியிடப்பட்டது. எவ்வளவு தொலைவில், எத்தகைய மூட்டத்தில், நூற்றுக்கு எத்தனை முறை ட்ரோன் ஒரு ஹெலிகாப்டரைக் கண்டறிய வேண்டும், அதை யார் சோதித்துச் சான்றளிப்பது என்று உறுப்பினர்கள் அமைச்சரிடம் கேட்க வேண்டும்.