அஹகார் உயர்நிலமும் தமன்ராசெற் நகரும்: நீரும் உழைப்பும்

பாலைவனம் என்றதும் மணற்குன்றுகளே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. ஆயின் சஹாராவின் பெரும்பகுதி கற்பரப்புக்களாலும் சரளை வெளிகளாலும் மலைகளாலும் ஆனது. அல்ஜீரியாவின் தென்பகுதியில் எரிமலைப் பாறைகள் நிமிர்ந்து நிற்கும் அஹகார் உயர்நிலம் இதற்குத் தக்க சான்றாகும். அந்நாட்டின் மிகவுயர்ந்த சிகரமான தஹாற் இங்கேயே உள்ளது. ஏறத்தாழ 1,350 மீற்றர் உயரத்தில், தலைநகர் அல்ஜியர்சிலிருந்து 1,900 கிலோமீற்றருக்கும் அப்பால் அமைந்துள்ள தமன்ராசெற் இப்பிரதேசத்தின் முதன்மை நகராகும்.

உயரமே இதன் காலநிலையைத் தனித்துவமுடையதாக்குகின்றது. சஹாராவின் தாழ்நிலங்களில் கோடை வெப்பம் 45 பாகை செல்சியசைத் தாண்ட, இங்கு அது 35 பாகையளவில் நிற்கின்றது. மாரிகால இரவுகளில் குளிர் உறைநிலையை அண்மிக்கும். ஆண்டு மழைவீழ்ச்சி ஏறக்குறைய 50 மில்லிமீற்றர் மட்டுமே. அதுவும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. திடீரெனப் பெய்யும் மழை வறண்ட ஆற்றுப்படுக்கைகளில் பெருக்கெடுத்தோடி மணலுக்கடியில் தங்கும். அந்நீரை மெல்லச் சரியும் நிலக்கீழ்க் கால்வாய்கள் மூலம் தோட்டங்களுக்குக் கொணர்ந்து கோதுமையும் வாற்கோதுமையும் விளைவித்தனர்.

விளைவித்தோர் யார் என்பதே முக்கியமான வினாவாகும். துவாரெக் சமூகத்தின் உயர்குடியினர் ஒட்டகங்களையும் வணிகப் பாதைகளையும் தம் ஆதிக்கத்தில் வைத்திருந்தனர். அவர்க்குத் திறை செலுத்திய குடியினர் ஆடு வளர்த்தனர். அடிமைகள் மந்தைகளையும் வீட்டுப் பணிகளையும் கவனித்தனர். நிலத்தில் உழைத்தோர் வடக்கிலுள்ள பாலைவனச் சோலைகளிலிருந்து வந்த ஹராத்தீன்களாவர். விளைச்சலில் ஐந்திலொரு பங்கே அவர்களுக்குரியதாயிற்று. நீரும் நிலமும் பிறருடைமையாக இருந்தமையே இச்சுரண்டலின் அடிப்படையாகும்.

1902இல் தித் என்னுமிடத்தில் துவாரெக் படையினர் தோல்வியுற்றதைத் தொடர்ந்து பிரெஞ்சு ஆதிக்கம் இங்கு நிலைபெற்றது. 1905இல் சார்ல்ஸ் டி ஃபூக்கோ என்னும் துறவி வந்து குடியேறியபோது தமன்ராசெற் ஒரு சிறு குடிசைத் தொகுதியே. மக்களற்ற வெளியாகப் பாலைவனத்தைக் கருதும் குடியேற்றவாத நோக்கின் கொடிய விளைவு பின்னரே வெளிப்பட்டது. நகருக்கு வடக்கேயுள்ள இன் எக்கர் மலையினுள் 1961 முதல் 1966 வரை பிரான்சு 13 அணுகுண்டுப் பரிசோதனைகளை நடத்தியது. 1962 மே 1ஆந் திகதி நிகழ்ந்த வெடிப்பில் கதிரியக்கப் பொருள்கள் மலையினுள்ளிருந்து வெளியேறின. மேய்ச்சற்காரர் வாழ்ந்த அந்நிலம் வெறுநிலமாக ஒருபோதும் இருந்ததில்லை.

1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபின் பழைய பங்குமுறை தகர்ந்தது. உழுதோர் நிலத்துக்கு உரிமை கோரினர். சஹாராவூடான நெடுஞ்சாலையும் அரச நிருவாகமும் நகரை வளர்த்தன. மாலி, நைஜர் நாடுகளின் வரட்சிகளால் இடம்பெயர்ந்தோரும் இங்கு வந்து சேர்ந்தனர். 2008ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை தொண்ணூறாயிரத்தைக் கடந்திருந்தது. ஆற்றுப்படுக்கை நீர் இத்தொகைக்குப் போதவில்லை. எனவே 300 மீற்றருக்குக் குறைந்த உயரத்திலுள்ள இன் சலாவிலிருந்து, ஏறத்தாழ 750 கிலோமீற்றர் தூரத்துக்கு, இறைப்பு நிலையங்களின் துணையுடன் நீரை மேலேற்றும் குழாய்த்தொடர் 2011இல் திறக்கப்பட்டது.

இந்நீர் மழை மிகுந்திருந்த தொல்காலங்களிற் பெரும்பாலும் தேங்கியது. எடுக்கப்படும் அளவுக்கு மீள நிரம்புவதன்று. இதனாலேயே, களிப்பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் முயற்சிக்கு எதிராக 2015 ஜனவரியில் இன் சலா மக்கள் வீதிக்கு இறங்கினர். தம் நிலக்கீழ் நீர் மாசுறும் என்பதே அவர்களது அச்சம். கால்வாயின் காலத்தில் எழுந்த வினா குழாயின் காலத்திலும் தொடர்கின்றது: நீர் யாருடையது, அதனைப் பற்றி முடிவெடுப்போர் யார்? பாலையின் வறட்சியை இயற்கை தருகின்றது. அவ்வறட்சியின் சுமை யார்மீது விழுவதென்பதைச் சமூகமே தீர்மானிக்கின்றது.